அஞ்சே முக்கால் அம்மா

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முருங்கைக்காய் விற்கிற இரண்டு பெண்களுக்குள் இடத்தகராறு. சாக்கு விரித்த இடம் யாருடையது என்று ஆரம்பித்து, இரண்டு பேரின் பிறந்த வீட்டையும் இழுத்து, தராசுத் தட்டைக் கையில் தூக்குகிற அளவுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் முன்சீப் அம்மா கூடையும் கையுமாக அங்கே வந்து நின்றார். கூட்டத்தில் யாரோ அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“தா, ஜட்ஜம்மாவே வந்துட்டாங்க! நீங்களே சொல்லுங்கம்மா, இந்த எடம் யாருது?”

சண்டை சட்டென்று நின்றது. இரண்டு பெண்களும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் மாதிரி நின்றார்கள். அம்மா இந்தக் குவியலையும் பார்த்தார், அந்தக் குவியலையும் பார்த்தார்.

“இன்னிக்கு எனக்கு லீவுங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு காய் குடுங்க.”

காசு கொடுத்து ஆளுக்கு இரண்டு வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் ஒருத்தி சொன்னாள், “இதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?” இன்னொருத்தி, “அதானே” என்றாள். அம்மாவைத் திட்டுவதில் இருவருக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. நான் பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நான் அப்போது அந்த அம்மாவின் கோர்ட்டில் ஸ்டெனோ. அவர் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை. எங்களுடையது சிவில் கோர்ட். வேலி, வரப்பு, வாடகை, பாகப்பிரிவினை, இவைதான் எங்கள் உலகம். அடிதடி, ரிமாண்டு எல்லாம் பக்கத்துக் கட்டிடம். அம்மாவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கோர்ட் நேரம் காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை. அதற்கு மேல் ஒரு நிமிடம் உட்கார மாட்டார் என்பதால் வக்கீல்கள் வைத்த பெயர் அஞ்சே முக்கால் அம்மா. டீக்கடையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை அதுதான் பெயர். அவருக்கும் அது தெரியும். “ஆறே காலுன்னு வைக்காம விட்டாங்களே” என்பார்.

அவருக்கு முன்னால் இருந்த ஐயா நேர் எதிர். ராத்திரி எட்டு வரை உட்காருவார். காலியாகக் கிடந்த இன்னொரு கோர்ட்டுக்கும் பொறுப்பு அவர்தான். அது போதாதென்று பேச்சுப்போட்டிக்கு நடுவர், கபடிக்குத் தலைமை, பல் ஆஸ்பத்திரி திறப்பு விழாவுக்கு ரிப்பன். ஊரே அவரைக் கொண்டாடியது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவர் கண் சொருகும். ஒருமுறை ஒரு நிலத்துக்கு நான்கெல்லை சொல்லும்போது வடக்கையும் தெற்கையும் மாற்றிச் சொல்லி, ஊர் ஏரியையே ஒரு ரைஸ் மில்காரருக்குக் கொடுத்துவிட்டார். மில்காரரே பயந்துபோய், “ஐயா, ஏரிய வெச்சிக்கிட்டு நான் என்னாங்க பண்ணட்டும்?” என்று மறுநாள் ஓடிவந்தார். எங்களுக்கெல்லாம் அந்த ஐயாவைப் பிடிக்கும். என்ன, தினமும் எட்டு மணிக்கு மேல் பஸ் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று கோர்ட்டைத் திட்டுவார்.

இந்த அம்மா வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டார்.

“மேரி, ஒரு விஷயம். அஞ்சே முக்காலுக்கு மேல நான் ஏதாவது சொன்னா, நீங்க அடிக்கக் கூடாது. கைய எடுத்து மடியில வச்சுக்கணும்.”

“நீங்க சொல்லச் சொல்ல நான் எப்புடிங்கம்மா நிறுத்தறது?”

“நான் சொல்றதுனாலதான் நிறுத்தணும்.”

ஒரு நீதிபதி சொல்வதைக் கேட்காமல் இருக்கச் சொல்லி ஒரு நீதிபதியே உத்தரவு போட்டால் என்ன செய்வது? முதல் வாரம் பழக்க தோஷத்தில் ஒரு வரி கூடவே அடித்துவிட்டேன். பிறகு பழகிவிட்டது. நேரம் ஆனதும் நான் கையை எடுப்பேன். அவர் பாதி வார்த்தையில் நிறுத்தி, பேனாவை மூடி, எதிரே நிற்கிற வக்கீலைப் பார்த்துச் சிரிப்பார். வக்கீலுக்குச் சிரிப்பு வராது.

வெளி வேலை என்றால் கும்பிடு போட்டுவிடுவார். இரண்டாவது கோர்ட்டின் பொறுப்பு அவர் தலையிலும் விழுந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே போகிற நாளில் இங்கே பெரிய வழக்கு எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். “அங்க கூட்டினா இங்க குறைக்கணும் மேரி. என்கிட்ட இருக்கிறது ஒரு மண்டைதான்.” வக்கீல்களுக்கு இது ஆகவே இல்லை. மாவட்ட ஜட்ஜுக்குப் புகார் போனது. மாவட்ட ஜட்ஜ் ஒருநாள் திடீரென்று வந்து, நாள் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஐந்தே முக்காலுக்கு அம்மாவோடு சேர்ந்து அவரும் எழுந்தார். போகும்போது, “நானும் இன்னிக்கு ஒருநாளாவது வெளிச்சத்துல வீட்டுக்குப் போறேன்” என்றாராம். டபேதார் கதவருகே நின்று கேட்டுவந்து சொன்னது. புகாரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

பொங்கலுக்குக் கோர்ட் வளாகத்தில் கோலப்போட்டி நடக்கும். வக்கீல் சங்கத்தார் நடுவராக இருக்கச் சொல்லி வந்தார்கள். “நடுவரா வரமாட்டேன், கோலம் போட வர்றேன்” என்றார் அம்மா. சொன்னபடியே புடவையைச் சொருகிக்கொண்டு, குமாஸ்தா பெண்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து ஒரு மயில் போட்டார். அது மயில் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பரிசு கிடைக்கவில்லை. நடுவராக வந்த டாக்டரம்மா சங்கடப்பட்டு, ஆறுதல் பரிசு என்று ஏதோ இழுத்தார். “வேண்டாங்க, தீர்ப்பு சரிதான். அப்பீல் இல்லை” என்று மாவுக்கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அன்றைக்குத்தான் வக்கீல்களே முதல்முறையாக அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

வெளியே எந்த வேலைக்கும் சோம்பல் கிடையாது அவருக்கு. பஸ்ஸில் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், கல்யாண வீட்டில் இலை எடுப்பார். இது சரி, அது தப்பு என்று மட்டும் சொல்லச் சொல்லக் கூடாது. “அதுக்கு ஒரு நேரம் இருக்கு” என்பார்.

ஒருமுறை சித்தேரி மலையிலிருந்து ஏழெட்டுப் பேர், நல்ல சாயங்கால வேளையில், ஒரு முழுப் பலாப்பழத்தோடு அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய கட்டு ஒன்றைக் கொடுக்க நானும் போயிருந்தேன். வந்தவர்களில் இரண்டு கட்சியும் இருந்தது. ஒரு புளியமரத்தை இந்த வருஷம் உலுக்குகிற முறை யாருடையது என்று தகராறு. வழக்கு ஒன்றும் போடவில்லை. நேரே ஜட்ஜ் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“இதெல்லாம் கோர்ட்டுலதான் பேசணும். நாளைக்குக் காலையில பத்தரைக்கு வாங்க. சட்ட உதவி மையத்துல இலவசமா எழுதிக் குடுப்பாங்க” என்றார் அம்மா.

அவர்களில் பெரியவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார், “பகல்ல நீங்க ஆபீஸ் வேல பாக்கறீங்கன்னு தெரியுங்கம்மா. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் பொழுது சாஞ்ச பொறவு வந்தம்.”

“ஆபீஸ் வேலை இல்லைங்க. தீர்ப்பே பகல்லதான் சொல்லுவேன்.”

பெரியவர் நம்பவில்லை. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் நம்பவில்லை. “பகல்ல எப்புடிங்க நாயம் பேசறது? ஆடு மாட்ட யாரு பாக்கறது? எல்லாரும் காட்டுல இருந்து வூடு வந்து சேந்தாத்தானே ஆவும்?”

மலையில் நியாயம் பேசுவது பொழுது சாய்ந்த பிறகுதான். பகல் முழுக்கக் கோர்ட்டில் நடப்பது ஏதோ கணக்கு வழக்கு, காகித வேலை, உண்மையான நியாயம் சாயங்காலம் ஜட்ஜம்மா வீட்டு வாசலில்தான் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருக்கிறார்கள். அம்மா சிரிக்கவில்லை. எல்லோருக்கும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் வந்தார்கள். வராந்தாவில் உச்சிவேளை வரை நின்றார்கள். உள்ளே ஒரு வக்கீல் இங்கிலீஷும் தமிழுமாகக் கத்துவதைப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் என்னிடம் வந்தார். “இது நமக்கு ஆவாது தாயி. சாமை அறுப்பு கெடக்குது.” பலாப்பழத்தைத் திரும்ப மலைக்குச் சுமக்கவா என்று அங்கேயே வேப்பமரத்தடியில் அறுத்து, வக்கீல், குமாஸ்தா, டபேதார் எல்லோருக்கும் சுளை கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் அதைச் சிரிப்பாகத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அவர் சொன்னதுல என்ன தப்பு மேரி? அவங்க வேலை முடியுற நேரத்துலதான் நாம கதவைச் சாத்துறோம்.”

“அப்ப சாயங்காலமும் உக்காரலாமுங்களே?”

“உட்காரலாம். அப்ப காலையில வேற ஆள் உட்காரணும். ரெண்டுலயும் நானே உட்கார்ந்தா, ரெண்டுமே கெட்டுப்போகும்.”

அதற்கான காரணத்தை அன்றைக்குத்தான் சொன்னார். முதல் போஸ்டிங்கில், வேறொரு மாவட்டத்தில், அவரும் எட்டு மணி வரை உட்கார்ந்தவர்தான். ஒருநாள் தலைவலியோடு ஒரு வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். தோற்றவர் ஒரு தையல்காரர். அந்தத் தீர்ப்பு தப்பு என்று மேல்கோர்ட்டில் திருத்த வருஷக்கணக்கானது. “அதுவரைக்கும் அந்த மனுஷன் தன் சொந்த வீட்டுக்கே வாடகை குடுத்துட்டு இருந்தார் மேரி. நான் எந்த ஊர்ல இருந்தாலும் தையல் மெஷின் சத்தம் கேட்டா எதிர்ப்பக்கமாப் போயிடுவேன்.” பிறகு அவரே சிரித்தார். “களைச்சுப் போனா எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தா எந்த வக்கீல் அதிகம் பேசுறாரோ அவரைத் தோக்கடிச்சிடுவேன். சட்டப் புத்தகத்துல அப்படி ஒரு செக்‌ஷன் கிடையாது.”

இப்படிப்பட்ட மனுஷியை எங்கள் சர்ச் பங்கு ஸ்கூல் ஆண்டு விழாவுக்குச் சம்மதிக்க வைத்தேன் என்றால், என் திறமையை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஃபாதர் என்னைப் பூசை முடிந்ததும் பிடித்துக்கொள்வார். “மேரி, நீ தினமும் பக்கத்துல உட்கார்ற. ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?” நானும் தினமும் ஒரு வார்த்தை சொன்னேன். கடைசியில் அம்மாவுக்கே என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. மாவட்ட ஜட்ஜிடம் முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை வருவதாக ஒப்புக்கொண்டார். பரிசு கொடுப்பார், பேசமாட்டார், போட்டோ போட்டு ஃபிளெக்ஸ் வைக்கக் கூடாது. ஃபாதர், போட்டோ இல்லாமல் எழுத்தை மட்டும் ரோட்டிலிருந்து படிக்கிற அளவுக்குப் போட்டு வைத்தார். நான் பங்கு முழுக்கச் சொல்லிவிட்டேன். கிளிப்பச்சையில் ஒரு புடவையும் எடுத்துவிட்டேன்.

அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமைதான் மாதம்மாள் வந்தார்.

மாதம்மாள் கடத்தூர்ப் பக்கம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. இவர் ஊரில் தனியாக மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். கிணறு அவருக்கும் கொழுந்தன் முனுசாமிக்கும் பொது. தண்ணீர் சரியாக விடுவதில்லை என்று முனுசாமி மேல் வழக்கு. தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. புழுக்கள் நாலாவது தோலும் உரித்துக் கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டன. அந்தப் பருவத்தில் அவை தின்கிற தீனிக்குக் கணக்கே கிடையாது. இலை குறைந்தால் கூடு கட்டாமல் சாகும். உடனடியாகத் தண்ணீர் விடச் சொல்லி ஓர் இடைக்கால உத்தரவு வேண்டும், அதுதான் கேட்டு வந்தது. மறுநாள் சனி, அப்புறம் ஞாயிறு, திங்கள்கிழமை பண்டிகை விடுமுறை. அன்றைக்கு உத்தரவு கிடைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமைதான்.

அம்மா அன்று காலை இன்னொரு கோர்ட்டுக்கு அவசர வேலையாகப் போய், வெயிலில் பஸ்ஸில் திரும்பி, மூன்று மணிக்குத்தான் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டாரோ இல்லையோ தெரியாது. மாதம்மாளின் வக்கீலோ பேச ஆரம்பித்தால் ஆடிப்பெருக்குக் காவிரிதான். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து ஆரம்பித்து, நாலு தீர்ப்புகளை வாசித்து, ஐந்து மணிக்குத்தான் கிணற்றுக்கே வந்தார். நடுவில் மாதம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “நீ சும்மா இரும்மா, நான் பேசறன்ல” என்று அடக்கிவிட்டார். முனுசாமியின் வக்கீல் இளைஞர். எழுந்து இரண்டே வரி சொன்னார்.

“அம்மா, பகல் முழுக்க என் கட்சிக்காரருக்கு. ராத்திரி முழுக்க இவங்களுக்கு. சரிபாதி. இதுக்கு மேல என்ன தரணும்?”

அம்மா நெற்றியைத் தேய்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார். நானும் அடித்தேன். இரு தரப்புக்கும் நேரம் சமமாகவே பிரிக்கப்பட்டிருப்பதால், மனுதாரர் கூறும் குறை ஏற்கத்தக்கதாக இல்லை, எனவே இந்த மனு...

கடிகாரத்தில் ஐந்தே முக்கால். நான் கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு வார்த்தைதானே, தோற்றாலும் இன்றைக்கே தோற்றுப் போய் வேறு வழி பார்க்கட்டுமே என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“உத்தரவு நாளைக்கு. ரெண்டு தரப்பும் காலையில பத்தரைக்கு வந்துடுங்க. நாளைக்கு இதுக்காக மட்டும் உட்காருவேன்.”

வக்கீல்கள் இருவருக்கும் எரிச்சல். மாதம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அஞ்சே முக்கா ஆனா நாயம் செத்துப் பூடுமா? நான் புழுவ வுட்டுட்டு ஒவ்வொரு நாளும் பஸ்ஸு ஏறி வர முடியுமா? இந்தம்மா வூட்ல அடுப்பு எரியோணும், என் வூட்ல எல்லாம் சாகோணுமா?” என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. உத்தரவு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நாளைக்கும் இதே அழுகைதானே, அதற்கு ஏன் இன்னொரு பஸ் சார்ஜ் என்று அம்மா மேல் கோபம் வந்தது.

அதோடு என் சொந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. சேம்பருக்குள் போனேன்.

“நாளைக்கு ஸ்கூல் விழா இருக்குங்கம்மா.”

“ஆமா மேரி. ஃபாதர்கிட்ட வர முடியலைன்னு சொல்லிடுங்க. நானும் போன் பண்ணிக் கேட்டுக்குறேன்.”

“உத்தரவு சொல்ல அர மணி நேரம் ஆவுமா? முடிச்சிட்டு ஸ்கூலுக்கு வந்துரலாமுங்க. ரெண்டுமே ஆவும்.”

“இந்த வாரம் இதுக்கு மேல தாங்காது. ரெண்டுல ஒண்ணுதான். எது முக்கியம், நீங்களே சொல்லுங்க.”

என்னைப் போய்த் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்! பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் என் வாயில் விழாத ஆளில்லை.

சனிக்கிழமை காலை கிளிப்பச்சைப் புடவையோடு கோர்ட்டுக்குப் போனேன். வேண்டுமென்றேதான் கட்டிக்கொண்டு போனேன், பார்க்கட்டும் என்று. அம்மா குளித்து, தலையில் ஈரம் காயாமல், தெளிவாக வந்து உட்கார்ந்தார். “புடவை நல்லா இருக்கு மேரி” என்றார். நான் சிரிக்கவில்லை. நேற்று விட்ட இடத்தைத் திறந்து வைத்தேன். எனவே இந்த மனு என்று நின்றுகொண்டிருந்தது. அம்மா அதை ஒருமுறை படித்தார். பிறகு நிமிர்ந்து, வக்கீல்களை விட்டுவிட்டு மாதம்மாளைப் பார்த்தார்.

“ஏம்மா, ராத்திரி முழுக்கத் தண்ணி உங்களுக்குத்தானே? அப்ப பாய்ச்சிக்க வேண்டியதுதானே? ராத்திரி தூக்கம் கெடுதுன்னா?”

கோர்ட்டே சிரித்துவிட்டது. முனுசாமியே சிரித்துவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். மாதம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“ராத்திரி கரண்டு ஏதுங்கம்மா? மோட்டாருக்கு மூணு ஃபேஸ் வோணுமுங்க. எங்க லைன்ல அது பகல்லதானுங்க வருது. ராத்திரி லைட்டுதான் எரியும், மோட்டாரு ஓடாது.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். இரண்டு வக்கீலுக்கும் தெரியும், டபேதாருக்கும் தெரியும். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது மனுவில் எழுதுவார்களா? அதனால் ஒருவரும் சொல்லவில்லை. அம்மா ஆற்றுப் பாசனத்து ஊரில் பிறந்தவர். மதகைத் திறந்தால் ராத்திரியிலும் தண்ணீர் ஓடும் ஊர். அவர் ஒருவருக்குத்தான் அது தெரியாது. நேற்றைய களைப்பில் கேட்கவும் தோன்றவில்லை.

“முனுசாமி, இவங்க சொல்றது சரியா?”

“கரண்டு வர்றது வராதது என் கையிலங்களாம்மா? நான் பாதிதான் எடுத்துக்கறன்” என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், “சரிதானுங்க” என்று முடித்துவிட்டார்.

பழைய வரிகளை அழிக்கச் சொன்னார். புதிதாகச் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள், மூணு ஃபேஸ் வருகிற நேரம் முழுக்க ஒருவருக்கு. முதல் முறை மாதம்மாளுக்கு, இன்றைக்கே தொடங்கும்.

“இன்னிக்குக் கரண்டு எத்தனை மணி வரைக்கும் இருக்கும்மா?”

“மூணு மணி வரைக்குமுங்க.”

“அப்ப இங்க நிக்காதீங்க, ஓடுங்க. நகலை வக்கீல் வாங்கிட்டு வருவார்.”

மாதம்மாள் ஓடினார். கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. முந்தின நாள் கொடுத்த சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. முனுசாமியும் அதே பஸ்ஸைப் பிடிக்கப் பின்னால் ஓடினார், மோட்டார் ரூம் சாவி அவரிடம்தானே இருக்கிறது.

அந்த வாரமே மாதம்மாளின் புழுக்கள் கூடு கட்டின என்று பிறகு வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஸ்கூல் விழாவில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது ஃபாதர் என்னைப் பிடித்து மேடையில் உட்கார வைத்துவிட்டார். “நம் நீதிபதி அவர்களுக்கு அளவுக்கு மீறிய வேலை. அதனால் அவர் சார்பாக” என்று மைக்கில் ஆரம்பித்தார். நான் எழுந்து, “அளவுக்கு மீறல ஃபாதர். அளவா வெச்சிக்கறாங்க, அதனாலதான் வரல” என்றேன். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கிளிப்பச்சைப் புடவையோடு நான்தான் சோப்பு டப்பா கொடுத்தேன்.

ஆனால் நான் அங்கே கிளம்புவதற்கு முன்னால், மாதம்மாள் ஓடிப் போன பிறகு, சேம்பரில் கையெழுத்து வாங்கப் போனேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் வைத்திருந்தார். என் கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. இருந்தாலும் விட மனசில்லாமல் கேட்டேன், “விழா இன்னும் முடிஞ்சிருக்காதுங்கம்மா. ஒரு எட்டு வந்துட்டுப் போலாமுங்களே? எல்லாரும் உங்களப் பெரிய ஜட்ஜுன்னு நெனச்சிக் காத்திருக்காங்க.”

“நேத்து நான் நிறுத்தாம இருந்திருந்தா, அந்த வரி எப்படி முடிஞ்சிருக்கும் மேரி?”

“தள்ளுபடின்னு முடிஞ்சிருக்கும்.”

அவர் பேனாவை மூடினார். கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நான் அப்படியொண்ணும் பெரிய ஜட்ஜ் இல்ல மேரி. தூங்கி எந்திரிச்சா மட்டும் பரவாயில்ல.”